ஓர் ஊரின் கடனுக்காகக் கண்டம் தாண்டிய அறிஞர்: யார் இந்த ஹிடா?

நன்கொடை கேட்டு யாராவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் முதலில் என்ன கேட்பீர்கள்? எந்த அமைப்பு, அனுமதி அட்டை இருக்கிறதா, பணம் உண்மையாகவே போய்ச் சேருமா... இப்படித்தானே?

இதே கேள்விகளை 270 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சந்தித்தார் ஒருவர். அவர் சாதாரண ஆள் இல்லை. யூத சமயச் சட்டத்தில் அந்தக் காலத்தின் மிகப் பெரிய அறிஞர்களில் ஒருவர்.

அவர் பெயர் ஹாயிம் யோசேப் டாவிட் அசுலாய். ஹீப்ரு மொழியில் அந்த நான்கு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஹிடா என்று வரும். உலகம் முழுவதும் யூதர்கள் அவரை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

ஏழை ஊர் ஒன்றின் கடனை அடைப்பதற்காக அவர் வாழ்நாளில் ஏறத்தாழ 10 ஆண்டுகளைச் சாலையிலும் கப்பலிலும் கழித்தார். எதற்காக? அதனால் அவருக்கு என்ன கிடைத்தது, என்ன போனது?

எங்கே பிறந்தார்?

ஹிடா 1724ஆம் ஆண்டு ஜெருசலத்தில் பிறந்தார். அப்போது அந்த நகரம் துருக்கியை மையமாகக் கொண்ட ஒட்டோமான் பேரரசின் கீழ் இருந்தது.

அவருடைய குடும்பம் செஃபார்டி யூதக் குடும்பம். ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளிலிருந்து வந்த யூதர்களைத்தான் செஃபார்டி என்கிறார்கள். 1492ல் ஸ்பெயினின் மன்னரும் அரசியும் யூதர்களை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். மதம் மாற விரும்பாதவர்கள் கிளம்பினார்கள். பலர் மொரோக்கோவுக்குப் போனார்கள். இன்னும் பலருக்கு ஒட்டோமான் பேரரசு இடம் கொடுத்தது.

ஹிடாவின் முன்னோர்கள் மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் இருந்தவர்கள். அவருடைய பாட்டனாரின் தலைமுறைக்கும் முன்பே குடும்பம் ஹெப்ரோன் நகருக்கு வந்துவிட்டது. அங்கே வந்து குடியேறிய ஆபிரகாம் அசுலாய் பெரிய ஞான நூல்களை எழுதியவர். ஆக, படிப்பு அந்த வீட்டுக்குப் புதுசு இல்லை.

சின்ன வயசிலேயே ஹிடாவுக்கு நல்ல ஆசிரியர்கள் கிடைத்தார்கள். அவர்களில் இருவர் முக்கியமானவர்கள்.

- மொரோக்கோவிலிருந்து 1742ல் ஜெருசலம் வந்த ஹாயிம் இப்னு அத்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். ஆனால் அந்தக் கொஞ்ச காலம் ஹிடாவின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.
- ஏமனிலிருந்து வந்த ஷாலோம் ஷராபி. ஜெருசலத்தின் பெத் எல் என்ற ஞானப் பள்ளியின் தலைவர்.

கவனிச்சீங்களா? ஒருவர் மொரோக்கோ, இன்னொருவர் ஏமன். ஜெருசலம் சின்ன ஊர்தான். ஆனால் அங்கே எல்லாத் திசைகளிலிருந்தும் அறிஞர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த அறிஞர்களுக்குச் சாப்பாடு போடுவது யார் என்பதுதான் பிரச்சினை.

ஊருக்கு ஏன் அவ்வளவு கடன்?

அந்தக் காலத்தில் யூதர்கள் புனிதமாக நினைத்த நகரங்கள் நான்கு: ஜெருசலம், ஹெப்ரோன், திபேரியா, சஃபெத்.

அங்கே வாழ்ந்த யூதர்களில் பலர் முழுநேரமும் படிப்பிலும் வழிபாட்டிலும் ஈடுபட்டவர்கள். விதவைகளும் முதியவர்களும் நிறைய. வியாபாரமோ குறைவு. ஆனால் செலவு மட்டும் குறையவில்லை.

அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டும். உள்ளூர் அதிகாரிகள் கேட்கும்போதெல்லாம் தனியாகக் கொடுக்க வேண்டும். கையில் பணம் இல்லையென்றால் வட்டிக்கு வாங்க வேண்டும். வட்டி ஏறும். அதை அடைக்க மறுபடியும் கடன். இந்தச் சுழல் எங்கே போய் முடியும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

ஹிடா பிறப்பதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பு, 1720ல், ஜெருசலத்தில் அப்படித்தான் நடந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த யூதர்கள் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் தவித்தார்கள். பொறுமை இழந்த கடன்காரர்கள் அவர்களுடைய வழிபாட்டு இடத்தைக் கொளுத்தினார்கள். அந்தச் சமூகத்தினர் ஊரை விட்டே போகவேண்டிய நிலை ஏற்பட்டது.

கடனை அடைக்காவிட்டால் ஊரே காலியாகும். அந்தப் பாடத்தை யாரும் மறக்கவில்லை.

நிதி திரட்டும் தூதர் என்றால் யார்?

வெளியூர் உதவி இல்லாமல் பிழைக்க முடியாது என்று ஆனபோது, அந்த நகரங்களின் அறிஞர்கள் தூதர்களை அனுப்பினார்கள். அரமேய மொழியில் அவர்களுக்கு அறிஞர்களின் தூதர் என்று அர்த்தம் தரும் பெயர் உண்டு. அதைச் சுருக்கி ஷதார் என்பார்கள்.

அந்த ஏற்பாடு எப்படி நடந்தது?

- ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பேச்சுத் திறமையும் படிப்பும் உடல் வலுவும் வேண்டும்.
- ஊர் அறிஞர்கள் எல்லாரும் கையெழுத்திட்ட சான்றுக் கடிதத்தைக் கொடுப்பார்கள். அதுதான் அவருடைய அடையாள அட்டை.
- கூடவே ஒரு கணக்குப் புத்தகம். ஒவ்வோர் ஊரிலும் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அந்த ஊர்க்காரர்களே அதில் எழுதுவார்கள்.
- எந்தத் திசை என்பதும் முன்கூட்டியே முடிவாகும். துருக்கி ஒரு பாதை. மேற்கு ஐரோப்பா ஒன்று. வட ஆப்பிரிக்கா ஒன்று. சிரியா, ஈராக் பக்கம் இன்னொன்று.
- திரட்டிய பணத்தில் பயணச் செலவு போக, ஒரு பங்கு தூதருக்குச் சம்பளமாகக் கிடைக்கும்.

1720களில் இஸ்தான்புல்லில் இருந்த செல்வாக்கு மிக்க யூதர்கள் ஒரு குழுவையே அமைத்தார்கள். புனித நகரங்களின் கடன்களைக் கவனிப்பது, நிதியை ஒழுங்குபடுத்துவது ஆகியவை அதன் வேலை.

தூதர்கள் போகாத இடம் குறைவு. கேரளாவின் கொச்சி வரைக்கும் வந்திருக்கிறார்கள். ஹெப்ரோனைச் சேர்ந்த ஹாயிம் இட்சாக் கரிகல் என்ற அறிஞர் 1773ல் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் சொற்பொழிவாற்றினார். அப்போது அமெரிக்கா தனி நாடாகக்கூட ஆகவில்லை. பிற்காலத்தில் யேல் கல்லூரியின் தலைவரான எஸ்ரா ஸ்டைல்ஸ் அவருடைய நெருங்கிய நண்பரானார்.

முதல் பயணம்: 29 வயதில் கிளம்பினார்

1753ல் ஹெப்ரோன் நகரம் தன் தூதராக ஹிடாவைத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு 29 வயது. திருமணமானவர்.

எகிப்து வழியாகப் போய், அங்கிருந்து கப்பலேறி, இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தை அடைந்தார். கிழக்கிலிருந்து வரும் பயணிகளால் கொள்ளைநோய் பரவிவிடும் என்ற பயம் அப்போது ஐரோப்பாவில் இருந்தது. அதனால் அவர்களைப் பல நாள் தனிமைப்படுத்தி வைப்பார்கள். கோவிட் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள், புரியும்.

இத்தாலியைச் சுற்றிவிட்டு ஜெர்மனி, நெதர்லாந்து, இங்கிலாந்து, பிரான்ஸ் என்று பயணம் நீண்டது. கிட்டத்தட்ட 5 ஆண்டு.

கடல் என்றால் கொள்ளைக் கப்பல்கள். அதோடு 1756ல் ஐரோப்பிய வல்லரசுகளுக்கு இடையே ஏழாண்டுப் போர் வேறு தொடங்கிவிட்டது. தரைவழி என்றால் மோசமான சாலைகள், குளிர், எல்லைச் சோதனைகள். போகிற வழியில் சமய விதிப்படி சமைத்த சாப்பாடு கிடைக்குமா என்பதும் கேள்விக்குறி.

அதையெல்லாம்விடப் பெரிய தொல்லை, மனிதர்களின் சந்தேகம்.

அப்போது போலித் தூதர்களும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கள்ளக் கடிதத்தைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போவார்கள். அதனால் உண்மையான தூதரையும் ஊர்த் தலைவர்கள் நம்பத் தயங்கினார்கள். ஜெர்மனியில் பல இடங்களில் ஹிடாவுக்கு அந்த நிலைமைதான். சான்றுக் கடிதத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். சில ஊர்களில் மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

வேறு சாக்குகளும் வந்தன. இப்பதான் இன்னொரு தூதர் வந்துட்டுப் போனாரு. எங்க ஊரிலேயே ஏழைங்க அதிகம். தலைவர் ஊரில் இல்லை. இப்படி இழுத்தடிப்பார்கள்.

ஹிடா அதை எப்படிச் சமாளித்தார்? அவருடைய படிப்புதான் கைகொடுத்தது. ஓர் ஊருக்குப் போனால் யூத ஆலயத்தில் சொற்பொழிவாற்றுவார். உள்ளூர் அறிஞர்களோடு உட்கார்ந்து சட்ட நுணுக்கங்களைப் பேசுவார். கொஞ்ச நேரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும், இவர் போலி இல்லை என்று. கடிதத்தைப் போலியாகத் தயாரிக்கலாம். அந்த அறிவைத் தயாரிக்க முடியாது.

எல்லா இடமும் கசப்பாக இருக்கவில்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரில் டொபியாஸ் போவாஸ் என்ற செல்வந்தர் அன்போடு வரவேற்றார். நல்லவர்களை ஹிடா நன்றியோடு தன் நாட்குறிப்பில் எழுதினார். கஞ்சர்களையும் விட்டுவைக்கவில்லை!

நாட்குறிப்பில் என்ன இருக்கிறது?

பயணம் முழுவதும் ஹிடா குறிப்பெழுதிக்கொண்டே போனார். அதன் தலைப்புக்கு நல்ல வழித்தடம் என்று அர்த்தம் சொல்லலாம். ஹீப்ருவில் மஅகல் தோவ்.

யார் எவ்வளவு கொடுத்தார்கள், யார் கதவைச் சாத்தினார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. புதிய ஊரைப் பார்க்கும் சுற்றுப்பயணியின் வியப்பும் இருக்கிறது.

1755ல் லண்டனுக்குப் போனவர் அங்குள்ள கோட்டையைப் பார்த்தார். லண்டன் டவர் என்று இன்றும் சுற்றுப்பயணிகள் போகிறார்களே, அதே இடம். அப்போது அங்கே சிங்கங்கள் கூண்டுகளில் இருந்தன. அவற்றையும் ஆயுத அறைகளையும் பார்த்துக் குறித்துவைத்தார்.

அவர் அதிகம் ஆசைப்பட்டது வேறொன்றுக்கு. புத்தகங்கள்!

போகும் ஊரிலெல்லாம் பழைய கையெழுத்துச் சுவடிகள் எங்கே இருக்கின்றன என்று விசாரிப்பார். தனியார் வீடு, யூத ஆலயம், அரச நூலகம், எதையும் விடமாட்டார். பாரிசின் அரச நூலகத்தில் இருந்த ஹீப்ரு சுவடிகளையும் புரட்டிப் பார்த்தார். எழுதியவர் யார், எந்த ஊர், எந்தக் காலம், அச்சானதா இல்லையா என்று குறிப்பெடுத்தார்.

நிதி திரட்டப் போனவர் நூல்களைப் பற்றிய தகவலையும் திரட்டிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது பயணம்: திரும்பி வராத வழி

முதல் பயணம் முடிந்து ஊர் திரும்பினார். 1764 முதல் 5 ஆண்டு எகிப்தின் கெய்ரோவில் யூதச் சமயகுருவாக இருந்தார். பிறகு ஹெப்ரோனுக்கு வந்தார்.

1772ல் ஊர் மறுபடியும் அவரைத்தான் கேட்டது. அவருக்கு வயது 48. அந்தக் காலத்துக்கு அது இளமை இல்லை. இருந்தாலும் கிளம்பினார்.

இந்த முறை வட ஆப்பிரிக்காவின் துனிஸ் வழியாக இத்தாலிக்குப் போனார். அவர் பெயர் இப்போது அவருக்கு முன்பே ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சான்றுக் கடிதத்தைச் சந்தேகப்பட்டவர்கள் இருந்த காலம் போய், ஆசி கேட்டு வந்தவர்கள் இருந்த காலம் வந்தது.

ஆனால் விலையும் கொடுத்தார். 1773ல், அவர் வெளிநாட்டில் இருந்தபோதே, அவருடைய மனைவி காலமானார். இறுதிச் சடங்கில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. கடிதம் வந்து சேரவே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும் காலம் அது. தூதர்களின் வீடுகளில் நடந்த இந்தச் சோகம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது.

அவர் இத்தாலியில் இருந்தபோது ஹெப்ரோனுக்கு இன்னோர் இடி. 1775ல் அந்த வட்டாரத் தலைவர் ஒருவரின் மகன் கொல்லப்பட்டதாக அங்கிருந்த யூதர்கள்மீது பொய்க் குற்றச்சாட்டு எழுந்தது. பெரிய தொகையை அபராதமாகக் கட்டவேண்டி வந்தது. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த ஊர் அது.

யோசிச்சுப் பாருங்க. ஒருவர் ஊர் ஊராக அலைந்து சேர்த்த காசு, ஒரே பொய்ப் பழியில் கரைந்துபோகும் நிலை. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. இத்தாலி நகரங்களை முடித்துவிட்டு பிரான்ஸுக்கும் நெதர்லாந்துக்கும் போனார்.

1777ல் பாரிசுக்கு வந்தவர் வெர்சாய் அரண்மனைக்கும் போனார். மன்னர் பதினாறாம் லூயியைப் பார்த்தார். அவருடைய கிழக்கத்திய உடையைக் கண்டு, இவர் எந்த நாட்டின் தூதர் என்று அரண்மனையில் விசாரித்தார்களாம். அவர் தூதர்தான். ஆனால் எந்த அரசரும் அனுப்பிய தூதர் இல்லை. கடனில் இருந்த ஒரு சின்ன ஊர் அனுப்பிய தூதர்.

1778ல் இத்தாலிக்குத் திரும்பினார். அந்த ஆண்டு பீசா நகரில் மறுமணம் செய்துகொண்டார். லிவோர்னோவில் குடியேறினார். ஹெப்ரோனுக்கு அவர் திரும்பவே இல்லை.

ஏன் லிவோர்னோ?

லிவோர்னோ அந்தக் காலத்தில் தனித்தன்மை வாய்ந்த ஊர். 1590களில் அந்தப் பகுதியின் ஆட்சியாளர் முதலாம் ஃபெர்டினாண்டோ, வெளிநாட்டு வணிகர்களை அங்கே குடியேற அழைத்தார். யூதர்களுக்கும் உரிமைகள் கொடுத்தார். இத்தாலியின் மற்ற நகரங்களில் யூதர்கள் சுவர் எழுப்பிய தனிக் குடியிருப்புகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். லிவோர்னோவில் அப்படி இல்லை.

அதனால் செஃபார்டி வணிகர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். துறைமுகத்திலிருந்து வட ஆப்பிரிக்காவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் கப்பல் போகும். ஹீப்ரு நூல்களை அச்சடிக்கும் அச்சகங்களும் இருந்தன. எழுதுபவருக்கு வேறென்ன வேண்டும்?

பயணத்தில் எடுத்த குறிப்புகள் அங்கேதான் நூல்களாயின. முக்கியமான இரண்டு:

- ஷெம் ஹகெதோலிம். பெரியோரின் பெயர் என்று அர்த்தம். முதல் பகுதி 1774ல் வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்களையும் அவர்கள் எழுதிய நூல்களையும் அகரவரிசையில் தந்தது. ஹீப்ரு நூல்களின் வரலாற்றை ஆராய்பவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.
- பிர்கே யோசேப். யூதச் சட்டத் தொகுப்புக்கு எழுதிய விளக்கம். இதுவும் 1774ல் வெளிவரத் தொடங்கியது. செஃபார்டி யூதர்கள் அன்றாட நடைமுறைகளுக்கு அதை மேற்கோளாகக் கொள்கிறார்கள்.

மொத்தம் 70க்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். வீட்டிலேயே இருந்து படித்துக்கொண்டிருந்தால் இவ்வளவு சுவடிகள் அவர் கண்ணில் பட்டிருக்காது. பிச்சைக்காரரைப் போல நடத்தப்பட்ட அதே பயணம்தான் அவருக்கு இந்தச் செல்வத்தைக் கொடுத்தது.

கடைசிக் காலத்தில் அரசியல் புயலையும் பார்த்தார். 1796ல் நெப்போலியனின் பிரெஞ்சுப் படை லிவோர்னோவுக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகும் அவர் அங்கேயே இருந்து எழுதினார். 1806ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி காலமானார்.

அவருடைய மகன் ரஃபேல் ஏசாயா இத்தாலியின் அங்கோனா நகரில் சமயகுருவானார்.

சிங்கப்பூரில் அவர் பெயர் தெரியுமா?

வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் 1878ல் திறக்கப்பட்ட மகேன் அவோத் யூத ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். இங்கே முதலில் வந்த யூதர்களில் பலர் ஈராக்கின் பாக்தாத்திலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களுடைய சமய வழக்கம் செஃபார்டி மரபைச் சேர்ந்தது.

பாக்தாத்தின் புகழ்பெற்ற அறிஞர் யோசேப் ஹாயிம், தம்முடைய தீர்ப்புகளில் ஹிடாவின் கருத்துகளை அடிக்கடி எடுத்துக்காட்டினார். பாக்தாத் யூதர்கள் ஆசியாவின் துறைமுகங்களில் குடியேறியபோது அந்த மரபும் கூடவே வந்தது. லிவோர்னோவில் அச்சான விளக்கங்கள் இப்படி நம் பக்கமும் வந்து சேர்ந்தன.

பிறகு என்ன ஆனது?

ஹிடாவின் நாட்குறிப்பு அவர் இறந்து 100 ஆண்டுக்கும் மேல் முழுமையாக அச்சேறவில்லை. 1921 முதல் 1934 வரை அது பகுதி பகுதியாக வெளியிடப்பட்டது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் யூதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வரலாற்று ஆய்வாளர்கள் இன்று அதைத்தான் தேடிப் போகிறார்கள்.

சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திய ஊர்த் தலைவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. விருந்து வைத்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. அவர்கள் கொடுத்த பணம் எப்போதோ வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது. அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது மட்டும் தாளில் நிற்கிறது.

1960ல் ஹிடாவின் உடல் எச்சங்கள் லிவோர்னோவிலிருந்து ஜெருசலத்துக்குக் கொண்டுவரப்பட்டு, ஹர் ஹமெனுஹோட் இடுகாட்டில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. ஊருக்காகப் புறப்பட்டவர் பிறந்த மண்ணுக்குத் திரும்ப 188 ஆண்டு பிடித்தது.